துப்பட்டாவில் நீ போட்ட முடிச்சு

இன்று துவைக்க எடுத்த என் பச்சைத் துப்பட்டாவின் நடுவே, நீ கடைசியாகப் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது.

அஞ்செட்டிப் பக்கத்து ஓடையில் யானையின் முன்னங்கால் தடத்தை முதன்முதலில் இந்தத் துப்பட்டாவால்தான் சுற்றி அளந்தாய். சுற்று முடிந்த இடத்தில் ஒரு முடிச்சு. "இதுல ரெண்டு மடங்கு புள்ள, ஆனையோட ஒசரம்" என்றாய். தன் கேழ்வரகுக் காட்டுக்குக் காவலிருந்த ஊர்க்கார அண்ணன் ஒருவர் பரணிலிருந்து கேட்டார்: "ஏம்மா, ஆனைக்கு ரவிக்கை தைக்கப் போறீங்களா?"

"துணி நீங்க எடுத்துக் குடுங்கண்ணா!" என்றாய்.

அவர் சிரித்துவிட்டு, "ஒண்ணுத்துக்கும் ஆகாத புதரு, இங்க என்னம்மா இருக்குது?" என்றார். உன் முகம் மாறியது. "உங்களுக்கு ஆகலைன்னா யாருக்குமே ஆகாதாண்ணா?"

இரண்டு வருடம், ஞாயிறுதோறும் ஓசூரிலிருந்து முதல் பேருந்து. ஒவ்வொரு தடத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதியவள் நீ. பிறகு சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உனக்கு வேலை கிடைத்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு ஞாயிறு என்னோடு ஓடைக்கு வந்தாய். என்னைப் பார்க்க வந்தாய் என்று நினைத்தேன். அன்று போட்ட முடிச்சுதான் இது. நோட்டை என்னிடமே விட்டுப் போனாய். போன ஆண்டு ஒரு காய்ச்சலில் நீயும் போய்விட்டாய்.

சென்ற வாரம் அந்த அண்ணன் என்னைத் தேடி வந்தார். ஓடையை மூடித் தொழிற்பேட்டை வரப்போகிறதாம். வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். ஊராட்சிக்கு வந்த சுற்றுச்சூழல் அறிக்கையின் நகலை நீட்டினார்.

"வழியை அடைச்சா ஆனை எங்கம்மா போகும்? என் கேழ்வரகுலதான் நடக்கும். உன் சிநேகிதி எழுதுன நோட்டு இருக்குதா?"

அறிக்கையில் இப்படி இருந்தது: 'பயனற்ற புதர்நிலம். யானை நடமாட்டம் இல்லை.' கீழே, களஆய்வு செய்தவரின் கையொப்பம். அது உன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆய்வு நாள், நீ கடைசியாக வந்த அந்த ஞாயிறு. நோட்டில் அதே தேதிக்கு நேரே, உன் கையெழுத்திலேயே, மூன்று தடங்கள்.

பரணில் இருந்தவரின் சொல்லைத்தானே எடுத்து எழுதியிருக்கிறாய்? அன்று அவரிடம் கோபித்துக்கொண்டது யார்? உனக்காக நானே காரணங்கள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. சண்டை போடக்கூட நீ இல்லாமல் போனதுதான் ஆத்திரம்.

நோட்டைக் கொடுத்தால் உன் பொய் ஊர் நடுவே வரும். உன் பெயர் இருக்கும் முதல் பக்கத்தைக் கிழிக்க விரல் வைத்தேன். யார் எழுதியது என்று தெரியாத நோட்டை யார் நம்புவார்கள்? கிழிக்கவில்லை.

துப்பட்டாவைத் துவைக்கவும் இல்லை. முடிச்சை அவிழ்க்காமல், நோட்டை அதில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை.