தயிர் ஊற்றிப் பிசைந்த மாவு

அன்புள்ள பிரேமினி அப்பாவுக்கு,

வட்டகொடைக் குளிரில் இருமல் நின்றதா?

இங்கே குவைத்தில், மேடம் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்று எடுக்கப்பட்டுள்ளது. பூண்டு நாண் இனிக் கடையில் வாங்கப்படமாட்டாது. சுடுவது என் பொறுப்பு.

முதல் நாள், தேயிலை மலைக்கு வேலைக்குக் கட்டிப்போகும் ரொட்டிக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்துவிட்டேன். மேடம் ஒரு வாய் கடித்துத் தட்டைத் தள்ளினார். தீபாவளிக்கு ஊர் வரும் லீவு அவர் கையில் இருப்பதால் பயந்துபோனேன்.

டிரைவர் பைஸர் நம்ம ஹட்டன்காரர்.

"அக்கா, இவங்க யாரும் கொழுந்து பறிக்கப் போகல. தயிர் ஊத்தி மெதுவா பெசஞ்சு, மாவ கொஞ்சம் தூங்க விடுங்க."

தூங்கவிட்டேன். நாண் பஞ்சாக எழும்பியது. வீடே பாராட்டியது.

அடுத்த முறை பேசும்போது போனை அடுப்பருகே வையுங்கள். நீங்கள் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கட்டும்.

மேடம் கூப்பிடுகிறார். நாண் சுட வேறு ஆளில்லாததால் என் லீவு தீபாவளிக்கு இல்லையாம், நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதானாம்.

பிரியந்தி