கோட்டுக்குக் கீழே இரண்டு பேர்

நேற்று மதியம் அம்மா அச்சு முறுக்கு சுட ஆரம்பித்தாள். தேங்காய்ப்பால் கலந்த மாவில் அச்சை முக்கி, காய்ந்த எண்ணெயில் இறக்கியதும் ஒரு மணம் எழுமே, அது கொல்லைப்பக்கம் வரை வந்தது. மழை வரும் முன் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு டிசம்பரிலும் பல்லாவரத்து அறைக்கு அம்மா பஸ்ஸில் போட்டு அனுப்பும் டின்னை நீதான் முதலில் திறப்பாய். யூனிஃபார்ம் சேலை கட்டி, கொண்டை போட்டு, உதட்டுச் சாயமும் பூசிய பிறகுதான் உனக்குப் பசிக்கும். கழுத்தை முன்னால் நீட்டி, சாயம் கலையாமல் பல்லால் மட்டும் கடித்துத் தின்பாய். "ட்ரெய்னிங்ல இதைச் சொல்லித் தரல பாரு, நானாக் கண்டுபிடிச்சேன்" என்பாய்.

"என்னடி அப்படியே நிக்கிற? தூறல் போடுது பாரு" என்றாள் அம்மா. பல வருஷத்துக்குப் பிறகு மகள் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கிறாள் என்ற சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. எனக்கோ இந்த வீட்டில் நான் நிற்கவே கூடாது என்று பட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் ஒரே நாளில் விமானப் பணிப்பெண் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பயிற்சி வகுப்பில் ஊர் கேட்டபோது நீ நாகப்பட்டினம் என்றாய், அடுத்து எழுந்த நான் தரங்கம்பாடிப் பக்கம் என்றேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். வயதில் நீ சில மாதம் மூத்தவள். அதனால் சீனியாரிட்டி லிஸ்டில் எனக்கு நேர் மேலே உன் பெயர். "ஏய் ஜூனியர், தண்ணி கொண்டா" என்று அறையில் அதிகாரம் செய்வாய். அப்போது அது நமக்கு ஒரு விளையாட்டு.

டிசம்பர் வந்தபோதுதான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. எல்லாரும் ஊருக்குப் பறக்கும் காலம். பறக்க வைக்கிறவர்களில் கொஞ்சப் பேருக்குத்தான் லீவு. லிஸ்டின் மேலிருந்து கொடுத்துக்கொண்டே வருவார்கள், தீர்ந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஸ்டாண்ட்பை. மேலே யாராவது வராமல் போனால் நம்மைக் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புக்காகப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, தலை கலையாமல், போனைக் கீழே வைக்காமல் அறையிலேயே கிடக்க வேண்டும். கூப்பிடாமலே போனாலும் அந்த நாள் நம்முடையதில்லை.

எனக்குக் கிறிஸ்துமஸ் போகும். உனக்கு உன் வாப்பாவோடு இருக்கும் நாள் போகும். குவைத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி வருஷக் கடைசியில்தான் லீவு விடும். அந்தக் கொஞ்ச நாளில் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம். மீன் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். "இங்க பாரு புள்ள, என்னா வாவலு! நீ இருந்தா வாங்கலாம்" என்பார். நீ பாயில் உட்கார்ந்து, மை தீட்டிய கண்ணோடு, "வாங்குங்க வாப்பா, எனக்கும் சேத்துத் தின்னுங்க" என்று சிரிப்பாய். போனை வைத்ததும் மையைத் துடைத்து மறுபடி தீட்டுவாய். ஒரு வருஷம் அவர் சென்னை வழியாகத் திரும்பினார். பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால், யூனிஃபார்மோடு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாய். வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் "எம் மவ, எம் மவ" என்று சொன்னார். அந்த வருஷத்துக்கு உங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஒரு தடவை ஜனவரியில் எங்கள் ஊருக்கு வந்தாய். அப்பா உன்னை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போய், "நாமல்லாம் கடைமடைம்மா. மேல உள்ளவங்க பாய்ச்சி முடிச்சு, மிச்சம் இருந்தா நமக்கு" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மாமா, எங்க ஆபீஸ்லயும் நாங்க ரெண்டு பேரும் கடைமடைதான்!" அப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவர் சிரிக்கவில்லை.

லிஸ்டின் மேல்பக்கத்தில் இருந்த மேடத்திடம் நீ போய்ப் பேசியது நினைவிருக்கிறதா? யாருக்கும் இல்லாத தைரியம் உனக்கு. "மேடம், இந்த வருஷம் நீங்க எங்கயும் போகலன்னு சொன்னாங்க. உங்க லீவை விட்டீங்கன்னா கோடு ஒரு படி இறங்கும். எங்க வாப்பா வந்திருக்காங்க" என்றாய். அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார்.

"உன் இடத்துல நான் இருந்தப்ப எங்கம்மா செத்தாங்க. நான் ஸ்டாண்ட்பை. அன்னைக்கு யாரும்மா எனக்கு விட்டுக் குடுத்தா? பண்டிகைன்னு ஒரு நாள் வீட்ல படுத்துத் தூங்குறதுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு எனக்கு. நான் பட்டு வந்தேன். நீயும் பட்டு வா."

வெளியே வந்ததும் நான் அவரைத் திட்டினேன். நீ திட்டவில்லை. "அவங்க சொல்றதும் நெசந்தான்டி எஸ்தரு. அதான் பயமா இருக்கு. நாமளும் ஒரு நாள் இப்படியே பேசுவோமோ?" என்றாய்.

போன டிசம்பருக்கு வருகிறேன். இதை எழுதாமல் தாண்டிப் போகலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

காலையில் உன்னை எழுப்பத் தொட்டபோது கை சுட்டது. முந்தின நாளே உடம்பு வலி என்றாய். கண் சிவந்திருந்தது. "சிக் போடுடி" என்றேன். மாட்டேன் என்றாய். விழாக்காலத்தில் உடம்பு சரியில்லை என்று சொன்னால் அதைப் பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வருஷ லீவுக்கு நம் பெயரையே சேர்க்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

"மேடம் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆறாங்க. அவங்க போனா கோடு என் காலடிக்கு வந்துடும்டி. இந்த ஒரு டிசம்பர் பல்லைக் கடிச்சுக்கிட்டேன்னா போதும். அப்புறம் வாப்பாவோட முழுசா இருப்பேன். இந்த எழவு போனை அணைச்சுப் போட்டுடுவேன்."

"அதுக்குள்ள உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"காய்ச்சலுக்கெல்லாம் யாராவது சாவாங்களா?"

டூட்டி போடுகிறவர்களை நானே கூப்பிட்டேன். எனக்கு மாலையில்தான் ஸ்டாண்ட்பை, அவளுக்குப் பதிலாக இப்போதே வருகிறேன் என்று கெஞ்சினேன். பேசியவர் கெட்டவர் இல்லை. "பண்டிகை நாள்ல ஆள் மாத்தி விட எனக்கு உரிமை இல்லம்மா. முடியலன்னா அவங்களையே சிக் போடச் சொல்லுங்க" என்றார். நீ என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாய். "ஒண்ணும் இல்ல சார். நான் ரெடி."

அப்புறம் அவர்கள் கூப்பிட்டார்கள். உன் விரல் நடுங்கியதால் சேலைக் கொசுவத்தை நான்தான் மடித்துச் செருகினேன். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாயம் பூசினாய். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாய். கீழே வண்டிக்காரர் பார்ப்பார் என்று கடைசிப் படியில் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தாய்.

மறுநாள் திரும்பி வந்தபோது உன் உதடு வெடித்திருந்தது. ஓய்வு நாள் கிடைத்திருக்கிறது, வாப்பா கிளம்புமுன் பார்த்துவிடலாம், ஊருக்குப் போகிறேன் என்றாய். இங்கேயே டாக்டரைப் பார்ப்போம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "உம்மா கையால கஞ்சி குடிச்சா சரியாயிடும்." தாம்பரத்தில் ரயில் ஏற்றினேன். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாய். கம்பி குளுகுளுவென்று இருக்கிறது என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

டெங்கு. நாகப்பட்டினத்தில் பார்த்தவர்கள் உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்களாம். தஞ்சாவூரில் உனக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் மேகத்துக்கு மேலே யாருக்கோ காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். வடக்கே ஓர் ஊரில் இறங்கி போனை உயிர்ப்பித்ததும் உன் வாப்பாவின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. திரும்பக் கூப்பிட்டேன்.

"எஸ்தரு... புள்ள போயிட்டாம்மா. அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம். வந்துருவியா?"

வந்துருவியா என்று கேட்டார். தேசத்தின் அந்தக் கோடியில், திரும்பிப் போகும் பயணிகள் படியேறிக்கொண்டிருக்க, நான் கதவருகே நின்று கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் அங்கே ஆள் கிடையாது. நான் இறங்கினால் விமானம் கிளம்பாது. உன்னை மண்ணில் இறக்கிய நேரத்தில் ஒருவர், தண்ணீர் கேட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று என்னைத் திட்டினார். மன்னிப்புக் கேட்டேன். சிரித்தபடிதான் கேட்டேன். பழகிய முகத்தசை தானாகவே சிரித்தது. அன்றைக்கு என் முகத்தை நான் வெறுத்த மாதிரி வேறு எதையும் வெறுத்ததில்லை.

மேடம் ஒரு நாள் நம் அறைக்கு வந்தார். உன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு கேட்டப்ப நான் விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார். சித்திரையில் அவர் ஓய்வு பெற்றார்.

ஐப்பசியில் புது லிஸ்ட் போனில் வந்தது. கோட்டுக்கு மேலே, கடைசிப் பெயராக, என் பெயர்.

முதலில் தப்பாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. மேடம் போனதால் கோடு உன் காலடிக்கு வந்திருக்கிறது, நீ சொன்ன மாதிரியே. நீ இல்லாததால் நான் ஒரு படி ஏறி அந்த இடத்தில் நிற்கிறேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். அதற்குள் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். "நெசமாவாடி? நெசமாவா?" என்று அவள் போனிலேயே அழுத பிறகு என்னால் எழுத முடியவில்லை.

நேற்று சாப்பாட்டுக்கு முன் அப்பா எப்போதும் போல ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, இந்த வருஷம் எங்க புள்ளைய வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றபோது, ஆமென் சொல்லக் காத்திராமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அப்பா பின்னாலேயே வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்ட், கோடு, உன் காய்ச்சல், இந்த லீவு யாருடையது என்பது வரை. தலையில் தூறல் விழுவதுகூடத் தெரியாமல் நின்றார்.

"இது தெரியாமத்தான் நன்றி சொன்னேனாம்மா நானு?" என்றார். பிறகு, "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நாகப்பட்டினம் போவோம். மக இல்லாம அந்த அம்மா ஒத்தையாக் கெடக்கும்" என்றார்.

இன்று போனோம். உன் உம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாப்பா இந்த டிசம்பர் வரவில்லை. வந்தால் வீட்டுக்குள் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். உம்மா டீ போட்டார். அப்பாவிடம், "பயிரு எப்படிண்ணே இருக்கு? மழைல சாஞ்சுடலையே?" என்று கேட்டார். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு உங்க பெருநாளாச்சே. லீவு குடுத்துட்டாங்களா?"

தலையாட்டினேன்.

"எம் புள்ளைக்கு ஒரு வருஷங்கூடக் குடுக்கலியேம்மா. நீ எப்படிக் கேட்டு வாங்குன? அவளுக்குக் கேக்கத் தெரியலியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டெல்லாம் குடுக்க மாட்டாங்கம்மா. முறைதான். இந்த வருஷம் எனக்கு முறை வந்துச்சு" என்றேன்.

"அவளும் அப்படித்தான் சொன்னா. அடுத்த வருஷம் நிச்சயமா எனக்கு வந்துடும் உம்மான்னு." மடியில் இருந்த பொட்டலத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "இருந்திருந்தா வந்திருக்குமாம்மா?"

"வந்திருக்கும்" என்றேன். உங்கள் மகளுக்கு வந்த லீவில்தான் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வேன்? அவர் என் தலையைத் தடவி, "நீயாவது அம்மா அப்பாவோட இரு" என்றார்.

நாளை மறுநாள் நான் சென்னை திரும்புகிறேன். சேலை கட்டிக் கதவருகே நின்று சிரிப்பேன். சொல்லாமல் வந்த அந்த ஒரு வாக்கியம் என்னோடு ஏறும், என்னோடு இறங்கும். லிஸ்டில் எனக்கு அடுத்துக் கீழே இருக்கும் பெண்ணை நேற்றே டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கும் ஊரில் யாரோ காத்திருப்பார்கள். அடுத்த டிசம்பரிலும் எனக்கு லீவு வரும், உன் உம்மாவைப் பார்க்கப் போவேன், அவர் மறுபடியும் கேட்பார்: "இந்த வருஷமும் குடுத்துட்டாங்களா?"