டெல்ஃப்டில் வெற்றிலை தேடி

டெல்ஃப்ட், நெதர்லாந்து
4 மே 2025

அன்புள்ள ரஞ்சிதா அப்பாவுக்கு,

தாயும் சேயும் நலம். பேரனுக்கு உங்கள் மூக்கு, பாவம். போனில் பேசினால் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

பிரசவம் பார்க்க வந்தவள் பூண்டுக் குழம்பும் வெந்நீருமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பல நூறு வருடத்து வாய்க்கால்கள், அவற்றின் மேல் கூன் போட்ட பாலங்கள். ஊரே சைக்கிளில் போகிறது, என்னைவிட வயதானவர்கள்கூட. கல்லாவியில் நானும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள்தானே? மகளிடம் கேட்டால், "சும்மா இரும்மா, உழுந்து வெச்சீன்னா உன்னையும் நான்தான் பாக்கணும்" என்கிறாள்.

இந்த ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுவேனோ என்று துக்கமாக இருக்கிறது. நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்
பவளம்


ஓசூர்
16 மே 2025

அன்புள்ள பவளத்துக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். தினமும் நான் வைக்கும் ரசத்தை நானே சாப்பிட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாரம்மாதான் "ஊட்டா ஆச்சா சார்?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்து ராகி களி கொடுக்கிறாள்.

சைக்கிள் வேண்டாம். மகளிடமும் சொல்ல மாட்டேன். இந்த வயதில் இடுப்பு எலும்பு போனால் யார் பார்ப்பது? சைக்கிள் ஓட்டுவது என்ன பெரிய அதிசயமா? போன இடத்தில் பேசாமல் இரு.

பேரனுக்கு நல்ல மூக்குதான்.

சௌந்தரராஜன்


டெல்ஃப்ட்
2 ஜூன் 2025

அன்புள்ள ரஞ்சிதா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்த பிறகுதான் ஏறினேன்.

தொட்டில் போடும் நாள் காலையில் தட்டில் பாக்கு இருக்கிறது, பழம் இருக்கிறது, வெற்றிலை இல்லை. "பரவால்லம்மா, கீரய வெச்சுக்கலாம்" என்றாள் உங்கள் மகள். எனக்கு வந்ததே கோபம். என் பேரனுக்கு முதல் தாம்பூலம் கீரையிலா? ஊரின் மறுகோடியில், இந்திய வம்சாவளி சூரினாம் நாட்டுக்காரர் ஒருவர் கடையில் கிடைக்கும் என்றார் மாப்பிள்ளை. அவர் கையில் குழந்தை. நான் மகளின் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் பாலத்திலேயே மானம் போனது. நம் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் போனேன், எதிரே வந்தவர்கள் எல்லாம் மணியடித்தார்கள். இறக்கத்தில் சும்மா பெடலைப் பின்னால் சுற்றினேன். நம் ஊரில் அது கிர்ரென்று சத்தம் போடும், அவ்வளவுதான். இங்கே அதுதான் பிரேக்காம். வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை, பூந்தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் ஓடிவந்தார். "ஒன்னும் ஆவலீங்க, நீங்க போங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

அப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. சாய்ந்து நிற்கும் பழைய மாதா கோயில், சந்தைத் திடல், இரட்டைக் கூம்பு வைத்த கோட்டை வாசல், எல்லாம் பார்த்தேன். வழி தப்பியது. பயமே வரவில்லை. ஒரு வாய்க்காலைப் பிடித்தால் அது இன்னொன்றில் கொண்டுபோய் விடுகிறது. வெற்றிலையோடு வாசலில் வந்து மணியடித்தேன்.

"யம்மா, நீயா?" என்றாள் மகள்.

"நான்தான்டி. தட்ட எடு."

இப்போது தினமும் சாயங்காலம் போகிறேன். விசா முடியும் வரை இருக்கப்போகிறேன், டிக்கெட்டை மாற்றியாகிவிட்டது. அனுமதி கேட்டு எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். உங்களுக்கும் இதையெல்லாம் காட்ட முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

உங்கள்
பவளம்


ஓசூர்
16 ஜூன் 2025

அன்புள்ள பவளத்துக்கு,

உன் கடிதத்தை மாரம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நீ பூந்தொட்டியில் உட்கார்ந்ததற்குச் சிரித்தாள், வெற்றிலை வீடு வந்ததற்குக் கைதட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். விசாவுக்கு நாளை பெங்களூரு போகிறேன்.

ஒன்று சொல்கிறேன், மகளிடம் சொல்லாதே. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து உன்னிடம் மறைத்தே வந்திருக்கிறேன். வேலைக்குப் போய்வர கம்பெனி பஸ் இருந்ததால் தப்பித்தேன்.

நீ ஓட்டு. நான் பின்னால் உட்கார்ந்து ஊர் பார்க்கிறேன். அந்த வண்டிக்கு கேரியர் உண்டா என்று மட்டும் பார்த்து எழுது.

உன்
சௌந்தரராஜன்