ஞாபக டப்பாவில் கரும்பொடி

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு உலகப் பெரும்போர் ஒன்றில் மறுபடியும் தோற்றேன். எதிரி, என் மனைவி. அதாவது மேலிடம். விவகாரம், கல்யாணமான புதிதில் மாமனார் கொடுத்த குடையை நான் எங்கே தொலைத்தேன் என்பது. முப்பத்தொரு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு. நான் பஸ் என்றேன். அவள் ரயில் என்றாள். இரண்டாவது பெட்டி, இடப்பக்க ஜன்னல், எதிரே இருந்தவர் மடியில் ஆரஞ்சுக் கூடை, அவர் ஒரு பழத்தை உரித்து எனக்குக் கொடுத்தது வரை சொல்லி முடித்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

சாவி வெட்டும் கடைக்காரன் நான். இந்த ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் தங்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஆனால் அவள் மண்டைக்குள் இருக்கும் பெட்டகத்துக்கு மட்டும் சாவி செய்ய முடியவில்லை. இனிப் பொறுப்பதற்கில்லை. ஞாபகசக்தியை வாங்கியாவது இவளை ஜெயிப்பேன்.

மார்ச் 5, வியாழன்

வாங்கிவிட்டேன். ஒரு டப்பா, அறுபது கேப்ஸ்யூல். வல்லாரை, பிரமி, ஜிங்கோ இலை. மேலே அரசமுத்திரை மாதிரி, "தினமும் ஒன்று, மறக்காமல் சாப்பிடவும்." மறக்காமல் சாப்பிட முடிகிறவன் இதை ஏன் வாங்குகிறான் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூலிகைதானே, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது என்றார்.

வீட்டில் முரசு கொட்டாத குறையாக அறிவித்தேன். மேலிடம் டப்பாவை வாங்கி, திருப்பித் திருப்பி வெகுநேரம் படித்தாள். விலையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். அலமாரியில் அவளுடைய இதய மாத்திரைகளுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

திருட்டு! ஏழு நாளில் ஏழு போயிருக்க வேண்டும். இருபத்தொன்று போயிருக்கிறது. என் மூளையை யாரோ தினம் இரண்டு இரண்டாக விழுங்குகிறார்கள்.

சந்தேகப்பட ஆள் ஒருவன்தான். மச்சான். தினமும் காலையில் பேப்பர் படிக்க வந்து, என் காபியைக் குடித்து, என் நாற்காலியைத் தேய்க்கிறவன். என்றைக்கோ தோற்ற சீட்டாட்டத்தைப் போன வாரம் அப்படியே ஒப்பித்தானே, அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

மேலிடத்தின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கன்றல். கதவில் இடித்துக்கொண்டாளாம். கதவுக்கு அடி பலமா என்று விசாரித்தேன்.

மார்ச் 14, சனி

பூட்டு இறுகினால் உள்ளே துளி தூவுகிற கிராஃபைட் கரும்பொடி கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. தொட்டால் போதும், சோப்பு தோற்றுப்போகும். மூடியைச் சுற்றிப் பூசிவிட்டேன். நாளை விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே அமர்வில்.

மார்ச் 15, ஞாயிறு

மச்சானின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். பத்து விரலும் பளிங்கு. "என்ன அத்தான், ஜோசியமா?" என்றான்.

அப்போது மேலிடம் காபி கொண்டுவந்து வைத்தாள். வெள்ளைக் கப். கைப்பிடியில் கறுப்பாக இரண்டு விரல் ரேகை.

மச்சான் போகும்வரை அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். அவள் முந்தானையில் விரலைத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"போன மாசம் கடைலேருந்து வரும்போது நம்ம தெரு எதுன்னு தெரியல. முக்குலயே நின்னேன். கால் மணி நேரம்."

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நாலு பேருகிட்ட கதையா சொல்லிச் சிரிப்பீங்க. கால் மணி நேரத்தை மூணு நாளாக்கிடுவீங்க."

ஆக்கியிருப்பேன். நிச்சயமாக ஆக்கியிருப்பேன்.

மார்ச் 16, திங்கள்

காலையில் வாஷ்பேசின் சிவப்பு. மேலிடத்தின் ஈறிலிருந்து ரத்தம். நிற்கவே இல்லை. துண்டு மாற்றித் துண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும்.

வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். டாக்டரம்மா விரலிலும் கரும்பொடி ஒட்டிக்கொண்டது.

நாலு வருடத்துக்கு முன்னால் இதய வால்வு மாற்றியவள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவள். ஜிங்கோவும் ரத்தம் உறைவதைத் தடுக்குமாம். இரண்டும் சேர்ந்தால்—

"மூலிகைன்னா மருந்து இல்லைன்னு நினைச்சீங்களா? எங்கயாவது விழுந்து தலையில அடிபட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றார் டாக்டர்.

ஒன்றும் செய்யாது என்றாரே கடைக்காரர். வாங்கி வந்தவன் நான். அந்த மாத்திரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தவனும் நான். கன்றலைப் பார்த்துவிட்டுக் கதவைக் குசலம் விசாரித்த மகாராஜாவும் நான்தான். அட மடையா.

மார்ச் 19, வியாழன்

ரத்தம் நின்றது. வீட்டுக்கு வந்துவிட்டாள். மிச்சக் கேப்ஸ்யூல்களை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டேன். ஞாபகத்துக்கென்று தனியாக ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 8, புதன்

புது டாக்டர் ஒரு படம் வரையச் சொன்னார். கடிகாரம். முப்பத்தொரு வருடமாக நான் வீட்டுக்கு வரும் நேரத்தை நிமிடக் கணக்கில் சொன்னவள். எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினாள்.

சில நாள் தெளிவாக இருக்குமாம், சில நாள் இருக்காதாம். மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் இதய டாக்டரிடம் ஓடினேன். சாப்பிடலாம் என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் வாங்கினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மழை. மேலிடம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கப்பா குடுத்த குடையை பஸ்லதானே விட்டீங்க?"

முப்பத்தொரு வருட வழக்கில் தீர்ப்பு என் பக்கம். தலையை ஆட்டினால் போதும்.

"ரயில்ல," என்றேன்.

"அப்படியா? எப்படி?"

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது பெட்டி, இடப்பக்க ஜன்னல், எதிரே ஒருவர், மடியில் ஆரஞ்சுக் கூடை, ஒரு பழத்தை உரித்து எனக்குக் கொடுத்தார். அவள் சொன்னது அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்.