மூன்று மூலைக்குப் பொட்டு

அன்புள்ள மகள் தரணிக்கு, புத்தூர் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடும் உன் கமலம்மா அத்தையும் நலம். நலம் என்றுதான் முதலில் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு அடுத்து என்ன எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பதற்குள் என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதனால் மீதியை என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். ஸ்வீடனில் பனி கொட்டுகிறதாமே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். ஃபோனில் நான் பேசினால் உன் அத்தையும் கூடவே பேசுகிறாள், தன் அண்ணன், அதான் உங்க நைனா, தவறியதிலிருந்து எனக்குத் துணையாக இங்கேயே இருக்கிறாள், பாத்ரூம் வரைக்கும் துணை. இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். பக்கத்துக் கொல்லை வேதாச்சலத்தின் மருமகள் ஹரிதா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், படிப்பாள். ஹரிதா, படித்தால் படி, உன் மாமனாரிடம் சொல்லாதே.

விஷயம் அந்த மோட்டார் பெட்டிதான். தானாக ஓடுகிறது என்று ஃபோனில் சொன்னேன் இல்லையா, அதை முழுதாகச் சொல்ல விடவில்லை உன் அத்தை. மோட்டார் ரூம் சுவரில் உங்க நைனா மாட்டினாரே, நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பைதான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைச் சொல்லிக்கொடுத்து அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதியது, அதேதான். மோட்டாரைப் போட ஒன்று, நிறுத்த ஒன்று, களத்து லைட்டுக்கு ஒன்று, இதற்குப் பதினாறு பொத்தான் எதற்கு என்று அன்றைக்கே கேட்டேன். திருப்பதி கடையில் பதினாறாகத்தான் கொடுத்தார்கள், மீதியெல்லாம் பின்னால் வேலைக்கு வரும் என்றார். கீழ் வரிசையில் வலது மூலைப் பொத்தான்தான் மோட்டாரைப் போடுவது, அதில் மட்டும் கை வைக்காதே, நான் இருக்கிறேன் இல்ல என்றார். சரி என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. சாவு வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது, எனக்கும் தெரியும். ஆனால் அவர் புத்தூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்த காலத்திலிருந்து ஸ்பேனர் முதல் டெஸ்டர் வரைக்கும் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. குங்குமம் டப்பா நிறைய இருக்கிறது, நான் வைத்துக்கொள்வதில்லை, சும்மா கிடந்து வண்டு பிடிக்கும். சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டிக்கு வைத்தேன். பொத்தான் பலகையின் நாலு மூலைக்கும் வைக்கலாம் என்றுதான் போனேன், அந்த ஒரு மூலையில்தான் கை வைக்கக் கூடாதே, அதனால் மூன்று மூலைக்கு மட்டும் தாராளமாக அப்பிவிட்டு வந்தேன். உன் அத்தை பார்த்துவிட்டு, சாவு வூட்ல எவளாவது பூஜை பண்ணுவாளா அண்ணி, தீட்டு கீது இல்ல என்றாள். தீட்டு நமக்குத்தான், மெஷினுக்கு இல்லை என்றேன்.

மழை இருந்தவரைக்கும் மோட்டார் தேவைப்படவில்லை, மெயினை இறக்கியே வைத்திருந்தேன். மழை விட்டுப் பனி இறங்க ஆரம்பித்ததும் களத்து லைட்டுக்காக மெயினை ஏற்றினேன். ஒருநாள் விடியற்காலை கரண்ட் வந்தது, மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். சாயங்காலம் லைட்டுக்காக மறுபடி ஏற்றினேன், மறுநாளும் அப்படியே. வெயில் ஏறினால் ஒன்றும் இல்லை, பொழுது விடிந்தால் ஓடுகிறது. உங்க நைனா தினமும் மோட்டார் போடுகிற நேரம். சாமந்தித் தோட்டம் நிரம்பி வழிந்து வேதாச்சலத்தின் கடலைக் கொல்லைக்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அவர் வரப்பில் நின்றுகொண்டு, இன்னாம்மா இது, உசுரோட இருக்க சொல்ல கெஞ்சினாகூட ஒரு மடை தண்ணி வுடமாட்டாரு உன் வூட்டுக்காரரு, செத்தப்புறம் வெள்ளமா வுடறாரே என்று சத்தம் போட்டார். அதில் பொய் இல்லை. உன் அத்தைதான் பேசினாள். அண்ணன் வந்துகினு கீறாரு, இவ பொட்டு வெச்சி கூப்ட்டா, அவரு வந்துட்டாரு, காளஹஸ்தியில பூஜை பண்ணி இந்தப் பெட்டிய ஸ்வர்ணமுகி ஆத்துல வுட்டுட்டு வந்தாதான் அவருக்கும் நிம்மதி, கடலைக்கும் நிம்மதி என்று முடிவே கட்டிவிட்டாள். அன்றைக்கு ராத்திரிதான் நீயும் ஃபோனில், அந்தப் பழைய பெட்டியைக் கழற்றிப் போடு, செல்ஃபோனில் வேலை செய்கிற ஸ்டார்ட்டர் வாங்கி அனுப்புகிறேன் என்றாய். அவள் பேய் என்கிறாள், நீ பழசு என்கிறாய், இரண்டு பேரும் பெட்டியைக் கழற்றத்தான் சொல்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். காப்பி குடிக்காமல் உங்க நைனா ஒருநாளும் கிணற்றுப் பக்கம் போனவர் இல்லை. இருந்தாலும் அந்த வாரம் முழுக்க இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். ஆறிப்போனால் வீண் என்று இரண்டையும் நானே குடித்தேன், நெஞ்சு எரிந்தது, இப்போது பரவாயில்லை.

கடையில் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட யஸ்வந்த் ஞாபகம் இருக்கிறதா, அத்தை என்பதைத் தெலுங்கில் அத்தா என்று என்னைக் கூப்பிடுவானே, இப்போது ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். விடியற்காலையிலேயே பைக்கில் வந்து, லேப்டாப்பில் ஒயரை மாட்டிப் பார்த்தான். யாரும் தொடாமலே நாலு மூலைப் பொத்தானும் அழுத்தியிருப்பதாக அதில் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அய்யோ அத்தா, பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, நீங்க வெச்ச சந்தனம்தான் என்றான். சந்தனம் பொத்தான் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கிறது, பனி பட்டால் ஊறி உப்பிப் பொத்தானை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, வெயிலில் சுருங்கி விட்டுவிடுகிறது. மூன்றுக்குத்தானே வைத்தேன், நாலாவது எப்படி என்று கேட்டேன். ரோ, காலம் என்று இங்கிலீஷில் ஏதோ சொன்னான், எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் உங்க நைனா இதைச் செய்யும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. குறுக்கே நாலு வாய்க்கால், நெடுக்கே நாலு வாய்க்கால், இரண்டும் சந்திக்கிற இடமெல்லாம் ஒரு மடை, அதுதான் பொத்தான். உள்ளே இருக்கிற சின்ன போர்டு குறுக்கு வாய்க்காலில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டு, எந்த நெடுக்கு வாய்க்காலில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம், வந்தால் அந்த மடையைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். இங்கே மூன்று மூலை மடையும் திறந்து கிடந்தது. கீழ் வாய்க்காலில் விட்ட தண்ணீர் இடது மூலை வழியாக மேலே ஏறி, மேல் வாய்க்காலில் ஓடி, வலது மூலையில் இறங்கிக் கடைசி வாய்க்காலில் வந்து நின்றிருக்கிறது. போர்டு பார்த்துவிட்டு, சரி, வலது கீழ் மூலையை அழுத்திவிட்டார்கள் என்று மோட்டாரைப் போட்டிருக்கிறது. யஸ்வந்திடம் இப்படியா என்று கேட்டேன். அப்படியேதான் என்றான். நான் எந்த மூலையில் கை வைக்கக் கூடாது என்று ஒதுங்கினேனோ அதைத்தான் சுற்றிவளைத்து அழுத்தியிருக்கிறேன். உன் அத்தை சொன்னதும் பாதி சரி, பொட்டு வைத்ததால்தான் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் மீதிப் பாதியும் சரி என்பாள்.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவைத்து மாட்டினோம். மூன்று பொத்தான் சேர்ந்தாற்போல் அழுத்தியிருந்தால் எதையும் நம்பாதே என்று ஒரு வரி சேர்த்தால் இனிமேல் இப்படி வராது, இப்பவே சேர்த்துடட்டுமா அத்தா என்று கேட்டான். வேண்டாம், அது அவரும் தரணியும் எழுதியது என்றேன். டிஃபன் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

காளஹஸ்திக்கும் போய் வந்தோம், உன் அத்தை பஸ்ஸுக்குப் பை கட்டி வைத்துவிட்டாள், மறுத்தால் அழுவாள். பெட்டி எங்கே என்றாள். பெட்டி வேண்டாம், பூஜை பண்ணியே பார்ப்போம், அப்புறமும் ஓடினால் நானே கொண்டுவந்து ஆற்றில் விடுகிறேன் என்றேன். திரும்பி வந்தபிறகு மோட்டார் தானாக ஓடவில்லை. பாத்தியா அண்ணி, அண்ணன் நல்லபடியா போய்ச்சேந்துட்டாரு என்று வேதாச்சலம் வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பெட்டியைப் பற்றி அதற்குமேல் பேச்சே இல்லை.

மறுநாள் விடியற்காலை கரண்ட் வந்தது. மோட்டார் ஓடவில்லை. நல்லதுதானே. பழக்கத்தில் இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன், ஒன்றை உன் அத்தைக்குக் கொடுத்தேன், சர்க்கரை கம்மி என்றாள். பூஜைக்கு முன்னால் நாலைந்து நாள் மெயினை இறக்கியே வைத்திருந்ததில் சாமந்தி வாடிக்கொண்டு நின்றது. போட ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் மோட்டார் ரூம் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய் அந்த மூலைப் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினேன். ஓடியது. அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நினைக்கவில்லை. இப்போது தினமும் நான்தான் போடுகிறேன், திருப்பதி மார்க்கெட்டுக்குப் பூவும் போகிறது.

அதனால் நீ புது ஸ்டார்ட்டர் வாங்காதே, வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பு. அந்த ஒரு வரியை நீ எழுது, அவர் எழுதியதற்குக் கீழே எழுது, அவருடையதை எதையும் அழிக்காதே, தப்பாக இருந்தாலும் ஓடுகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, காய்ந்த ரொட்டியே கதி என்று இருக்காதே, ராத்திரியில் கண் விழிக்காதே. ஏழுமலையான் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உங்க நைனா ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அதை அவருக்குப் பதில் நான் எழுதுகிறேன்.

மறக்காதே, அவர் போனதிலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதில்லை, மற்ற நாளில் கூப்பிடுகிறாய். பழையபடி ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிடு. நான் மோட்டார் ரூமில் இருப்பேன், உன் அத்தை அங்கே வர மாட்டாள், இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது. பதிமூன்று பொத்தான் இன்னும் வேலை இல்லாமல் சும்மா இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாக நீ சொல்ல நான் எழுதிப் பார்த்தால் போதும், அவசரம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
எ. தாட்சாயணி