இவ முதல்ல ஏறட்டும்

உன் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை இன்னும் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. வந்தவர்களுக்குப் போடவென்று ராத்தா இன்று காலை அதைத் தூக்கினாள். கூடப்பிறந்த மூத்தவள் என்றும் பார்க்காமல் ஏசிவிட்டேன்.

என் கணவர் மவுத்தானதும் என்னை இத்தாவில் இருத்தினார்கள். ஜன்னலுக்குச் சீலை போட்டார்கள், புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். மற்றவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். என் கூட்டாளி நீ மட்டும் பின்னேரமானால் அடுத்த தெருவிலிருந்து வந்து அந்தக் கதிரையில் குந்துவாய். "ஜெயிலுக்குப் பார்க்க வந்திரிக்கன், தேத்தண்ணி இல்லியா?" என்பாய்.

பொத்துவில் போன நாளைத்தான் திரும்பத் திரும்பக் கதைத்தோம். கலியாணத்துக்கு முன், நாலு கூட்டாளிமார் வேன் பிடித்துப் போனோம். மணல்மேட்டில் பழைய விகாரையின் தூண்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் நின்று, "இந்த ஊட்டுல எத்தின அறை இரிந்திரிக்கும்?" என்று சீதன வீடு பார்க்க வந்தவள் போலக் கேட்டாய்.

பிறகு கடலோரப் பாறைகளுக்கிடையே ஒரு குளிக்கும் குழி. முந்திரிக்கொட்டை மாதிரி நான் முதலில் இறங்கினேன். பாசி பிடித்த பாறையில் திரும்பி ஏற முடியாதென்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அலை வர வரத் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. மற்ற இருவரும் வேன்காரரிடம் கயிறு வாங்க ஓடினார்கள். நீ உடுப்போடு குதித்தாய்.

"நீயும் ஏன் புள்ள உழுந்த?"

"தனியக் கிடந்தாத்தான் பயம். ரெண்டு பேரெண்டா கதைச்சிக்கி இரிக்கலாம்."

கயிறு வந்ததும், "இவ முதல்ல ஏறட்டும்" என்றாய். என் வலது பாதத்தை உள்ளங்கையில் தாங்கி மேலே தள்ளினாய்.

போன மாதம் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். "இத்தாவில இரிக்கிற பொம்புள மையத்து ஊட்டுக்குப் போறல்ல" என்று ராத்தா கதவோடு நின்றுகொண்டாள். உன் ஜனாஸாவை எங்கள் தெருவால்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். சீலையை விலக்கிப் பார்க்கவும் விடவில்லை. கலிமாச் சத்தம் கிட்ட வந்தது, பிறகு குறைந்தது. யார் யாரோ உன் முகம் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. ஆனால் என் கோபம் ராத்தாவில் இல்லை, உன்னில்தான். துணைக்கு இறங்கி வந்தவள் இப்படியா போவது? இந்த அறையிலிருந்தும் நான்தானே முதலில் ஏறியிருக்க வேண்டும்?

நாளை இத்தா முடிகிறது. வெளியே வா என்பார்கள். வெளியே நீ இல்லாத தெருதான் இருக்கிறது. அதற்கு இந்த அறையே போதும் என்றுகூட நினைத்தேன். என்றாலும் வலது காலைத்தான் வாசலில் வைப்பேன். உன் உள்ளங்கை இன்னும் அதன் அடியில் இருக்கிறது.