ரசீதில் வந்த எண்

2008 ஜூலை 9, கொலம்பஸ், அமெரிக்கா

காலை நடையில் ஒரு பர்கர் கடையைக் கண்டுபிடித்தேன். காபி வாங்கினால் ரசீதில் ஓர் எண் அச்சாகி வருகிறது. அதை லேப்டாப்பில் அடித்தால் கம்பி இல்லாமலே இணையம். திருத்தணி பிரவுசிங் சென்டரில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றவன் நான். இதுவா பெரிது?

இனி மகன் வெங்கடேசன் வீட்டு இணையமும் வேண்டாம், போனும் வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் திரும்ப நான் போட்டிருந்த டிக்கெட்டை என்னைக் கேட்காமல் செப்டம்பருக்கு மாற்றிவிட்டான். "டாக்டர் கிட்ட காட்டிட்டுப் போ நைனா. காவடி எங்க ஓடிப்போவுது?" பெற்ற மகன் கேட்கிற கேள்வி!

ஜூலை 12

தம்பி மகள் வசந்தியின் மெயில். "பெரியப்பா, இந்த வருசம் காவடிய அப்பா தூக்கட்டுமான்னு கேக்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

எங்கள் வீட்டில் மூத்தவன் சொல்லாமல் இளையவன் காவடியைத் தொடுவதில்லை. பரவாயில்லை, தம்பி பரந்தாமனுக்கு அதாவது நினைவிருக்கிறது. பதினோரு வருடம் முன்பு மலைப்படியில், நாலு பேர் எதிரில், "காவடி தூக்கினா நீ இன்னா பெரிய மன்சனா?" என்றவன். அன்றோடு பேச்சு நின்றது.

பதில் எழுதவில்லை. காத்திருக்கட்டும்.

ஜூலை 16

ஆடி பிறந்தது. கொண்டுவந்திருந்த ருத்திராட்ச மாலையை நானே போட்டுக்கொண்டேன். காவடி இல்லாவிட்டால் விரதமும் இல்லையா?

ஜூலை 19

மாட்டிறைச்சி வேகிற கடைக்குள் மாலையோடு நுழைய மாட்டேன். மெயில் பார்த்து நாலு நாள்.

ஜூலை 24

தம்பிக்கும் அறுபத்து மூன்று. முழங்கால் வலி வேறு. இன்னும் எத்தனை முறை படியேறுவான்? தூக்கட்டும். நாளை எழுதிவிடுகிறேன்.

ஜூலை 25

விடிந்தால் ஊரில் கிருத்திகை. கடைக்கு வெளியே, குப்பைத்தொட்டி ஓரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். சிக்னல் வருகிறது. பழைய ரசீதின் எண் செல்லவில்லை, தினமும் மாறுமாம். கதவு பத்தடி தூரம். மாலையைக் கழற்றுவதா? இரண்டு மணி நேரம் அப்படியே—

வெங்கடேசன் காரை நிறுத்தி இறங்கினான். "வூட்ல நெட் கீது. இன்னாத்துக்கு நைனா வெயில்ல குந்திகினு கீற? நான் உனக்கு அவ்ளோ ஆவாதவனா பூட்டனா?"

லேப்டாப்பை மூடிக்கொண்டு காரில் ஏறினேன். வீட்டுக்கு வந்தும் அவன் இணையத்தைக் கேட்கவில்லை.

ஜூலை 28

மாலையைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போனேன். காபி, ரசீது, எண். வசந்தி எழுதியிருக்கிறாள்:

"அப்பா காவடிக்குப் பூ கட்டி வெச்சிட்டு, உங்க மெயில் வரும்னு பிரவுசிங் சென்டர்லயே உக்காந்துகினு இருந்தாரு. கட மூடற வரைக்கும். காவடி வூட்லயே கீது பெரியப்பா."

காபியைக் குடிக்கவில்லை.

ஜூலை 29

வீட்டு இணையத்துக்குப் பாஸ்வேர்டு என்னடா என்று வெங்கடேசனைக் கேட்டேன். "நம்ம ஊர் பேருதான் நைனா."

பரந்தாமனுக்கு எழுதினேன். அடுத்த வருடம் நீ தூக்கு, பூ நான் கட்டுகிறேன் என்று.

ஆகஸ்ட் 6

பதில் இல்லை. காத்திருக்கிறேன்.